அலகில் பூசிய மஞ்சள்

நதிக்கரை முகாம்
மார்ச் 4

அன்புள்ள யாலும் அக்காவுக்கு,

தாரின் எழுதுவது. நான் நலம். காலில் அட்டை கடித்த புண் ஆறிவிட்டது. அப்பாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, உன் பள்ளிக்கூடத்துக் குரங்குகள் எப்படி இருக்கின்றன என்று எழுது. இங்கே டவர் இல்லை, என் போன் வெறும் கல். சூமோ ஓட்டுபவனிடம்தான் கடிதத்தைக் கொடுக்கிறேன். போன தடவை கடிதத்தின் மேல் கோழியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். இந்தத் தடவையும் அப்படிச் செய்தால் சொல், அவன் வண்டி பேட்டரியைக் கழற்றி என் இன்வெர்ட்டரில் மாட்டிக்கொள்கிறேன்.

"எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சவன் காட்டுல மரத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கானாமே" என்று ஊரில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கட்டும். ஊரில் இரண்டு வருடமாக எரியாத சோலார் விளக்கை ஒருவனும் பழுது பார்க்கவில்லை, என் வேலையைப் பழுது பார்க்க வந்துவிட்டார்கள்.

வேலை இதுதான். பெரிய இருவாச்சியின் அலகும் அதன் மேலுள்ள கொம்பும் மஞ்சளாக இருக்கும் இல்லையா? அது பிறவி நிறம் இல்லை. வாலுக்கு மேலே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. ஆண் பறவை தினமும் அலகை அங்கே தேய்த்துத் தேய்த்துத் தானே பூசிக்கொள்கிறான். பூசாவிட்டால் வெளுத்துப்போவான். இங்கே ஆராய்ச்சி செய்யும் எங்கள் மேடம் புனாவிலிருந்து கொண்டு வந்திருக்கும் கேள்வி: அதிக மஞ்சளாக இருப்பவன் நல்ல புருஷனா? பெண்ணுக்கு ஒழுங்காகத் தீனி கொண்டுவருகிறானா? நான் கேமராவையும் நிறம் அளக்கும் கருவியையும் பார்த்துக்கொள்கிறேன். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பவுடர் பூசுகிற பறவைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு கணக்கு எழுதுகிறேன் என்று.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. அப்பாவின் பிரம்புத் தொப்பியில் இருவாச்சி அலகுக்குப் பதிலாக மாட்ட ஃபைபர் அலகு. கடையில் விற்கும் எலுமிச்சை நிறப் பொம்மை அல்ல, நானே அளந்து கலந்து பூசிய நிறம். உன் கல்யாணத்துக்கு அவர் அதை மாட்டிக்கொள்ளட்டும். தாபின் அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
தாரின்


சேகோங்
மார்ச் 15

தம்பி தாரினுக்கு,

அக்கா யாலும். எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் இடுப்பு மழை வருமா வராதா என்பதை மட்டும் சரியாகச் சொல்கிறது, மற்றபடி வலியில்லை. கடிதத்தில் கோழி இறகு எதுவும் ஒட்டியிருக்கவில்லை, அந்தப் பையனை விட்டுவிடு.

உன் கடிதத்தை அடுப்பங்கரையில் எல்லோருக்கும் வாசித்தேன். உனக்குத் தெரியுமே, இந்த வீட்டுக்கு வரும் கடிதம் எல்லோருக்கும் வந்தது. தாபினும் இருந்தார், சுட்ட மீன் கொண்டுவந்திருந்தார். புருஷன் பூசிக்கொள்கிற இடம் வந்ததும் எல்லோரும் சிரித்துப் புரண்டார்கள். அப்பாதான் சிரிக்கவில்லை. "அவ்வளவு காலம் சுட்டேன், ஒருத்தனும் எனக்கு இதைச் சொல்லலியே" என்றார்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். தூக்கிப் பார்த்தார். நகத்தால் தட்டினார்.

"இது என்னடா, வாளி மாதிரி சத்தம் போடுது?"

"தம்பி செஞ்சது அப்பா. நிறம் பாருங்க."

"நிறம் சரிதான். எடை எங்க? இதைத் தலையில வெச்சா காத்துல பறக்கும், நான் பின்னாடியே ஓடணும்."

கோபித்துக்கொள்ளாதே. நியோகும் திருவிழாவில் தாபினின் சித்தப்பாக்கள் அப்பாவின் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். தாத்தா காலத்து அலகு வெளுத்து, நுனி உடைந்து கிடக்கிறதல்லவா? "சம்பந்தி தலையில பூண்டுப்பல் நட்டு வெச்சிருக்காரு" என்று அபோங் கள் குடித்துக்கொண்டே சொன்னார்கள். அவர்களுக்கு நம்மைவிட மிதுன் மாடுகள் அதிகம், வாயும் அதிகம். இப்போது ஃபைபர் என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ. தாபின் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றும் அப்படித்தான், உன் கடிதம் படித்த அன்றும் அப்படித்தான்.

கல்யாணம் ஏப்ரல் கடைசியில். நீ வராவிட்டால் உன்னோடு பேச மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
யாலும்


நதிக்கரை முகாம்
மார்ச் 28

அக்காவுக்கு,

நலம். ஜெனரேட்டர் நலமில்லை.

அப்பாவிடம் சொல்: எடை வேண்டுமென்றால் உள்ளே ஈயத்தை உருக்கி ஊற்றித் தருகிறேன், கழுத்து உடைந்தால் என்னைக் கேட்க வேண்டாம். இதையும் சொல். தாத்தாவின் அலகு வெளுத்துக் கிடப்பது பழசானதால் மட்டும் இல்லை. மஞ்சள் எலும்பில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. பறவை செத்தால் பூச ஆள் இல்லை. கைபட்டு, புகைபட்டு, கொஞ்ச நாளில் போய்விடும். சுட்டுக் கொண்டுவந்த அலகு ஒவ்வொன்றும் பூண்டுப்பல்லாகத்தான் ஆகும், சித்தப்பாக்களின் தொப்பி உட்பட. என் ஃபைபர் மட்டும்தான் அப்படியே இருக்கும். இதை அவர்கள் முன்னால் சத்தமாக வாசி.

இங்கே நாங்கள் பார்க்கும் ஜோடியில் பெண் இரண்டு வாரத்துக்கு முன்பே மரப்பொந்துக்குள் போய் வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொண்டாள். ஒரு கீறல் அளவுதான் திறப்பு. உள்ளே அவள் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும், வெளியே வந்தாலும் பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை அவளுக்கு எல்லாமே அவன்தான். மேடத்தின் கேள்விக்கு விடை கிடைக்கும் போலிருக்கிறது: நாங்கள் பார்க்கும் ஆண்களிலேயே இவன்தான் அதிக மஞ்சள், இவன்தான் அதிகத் தடவை வருகிறான். வயிறு நிறைந்து, நேரமும் மிச்சம் இருப்பவனால்தான் இவ்வளவு பூச முடியும் என்கிறார் மேடம். பொய் மஞ்சள் பூச வழியில்லை.

காலையில் தீனி தேடப் போவதற்கு முன்னால், ஆற்றுக்கு மேற்கே இடி விழுந்த மரத்தின் மொட்டைக் கிளையில் வந்து உட்கார்ந்து பூசிக்கொள்வான். அவசரமே இல்லை. நான் குளிக்கும் வேகத்தைப் பார்த்தால் அவனுக்கு அருவருப்பாக இருக்கும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். அப்பா ஃபைபர் மாட்டினால்.

தாரின்


சேகோங்
ஏப்ரல் 9

தம்பி தாரினுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே நல்ல மழை. உன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்தேன்.

கல்யாண வேலை நடக்கிறது. பன்றிகள் கொழுத்துவிட்டன. தாபின் மீன் பிடிக்க மேலாற்றுப் பக்கம் போய்ச் சில நாள் கழித்துத் திரும்பினார். மீன் அதிகம் கிடைக்கவில்லை.

அப்பாவின் தொப்பிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தாத்தாவின் பழைய அலகையே எடுத்து மெருகேற்றிவிட்டோம் என்று அப்பா சொல்கிறார். புதிது போல இருக்கிறது. நீ சிரமப்பட வேண்டாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். தொப்பியை என் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். துணியெல்லாம் மஞ்சள் கறை. சோப்புப் போட்டுத் துவைத்தேன், சாம்பல் போட்டுத் துவைத்தேன், போகவில்லை. எதைப் போட்டால் போகும்? நீ படித்தவன், உனக்குத் தெரியும்.

வேலை அதிகமென்றால் பதில் எழுத வேண்டாம்.

அக்கா
யாலும்


நதிக்கரை முகாம்
ஏப்ரல் 11

அக்கா,

உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை. காத்திருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அவனைக் காணவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து கேமராவில் ஒரு படம்கூட இல்லை. முதலில் கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இடி விழுந்த மரத்துக்குப் போனோம். கீழே இறகுகள். மழையில் நனைந்த தோட்டாக் கூடு ஒன்று. கேமரா நன்றாகத்தான் வேலை செய்கிறது.

எந்த நாய் செய்தது என்று தெரியவில்லை. எதிர்க்கரை ஊர்க்காரர்களாக இருக்கும். நம் ஊரில் எல்லோரும் ஊர்க் கூட்டத்தில் இனி வேட்டை இல்லை என்று துப்பாக்கியைக் கீழே வைத்து இரண்டு வருடம் ஆகிறது, அதனால்தான் எனக்கே இங்கே வேலை கொடுத்தார்கள். தாபின் அத்தானுக்கு அந்தப் பக்கமெல்லாம் ஆட்கள் தெரியும். யார் கையில் புது அலகு இருக்கிறது என்று விசாரிக்கச் சொல். ஆள் யாரென்று தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் உள்ளே இருக்கிறாள். கீறல் வழியாக அலகு நுனியை நீட்டிக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் மூங்கில் நுனியைப் பிளந்து அத்திப்பழம் செருகி, மரத்தில் பாதி ஏறி நீட்டினோம். அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள். கை வலித்துத் தோள் வலித்து நின்றோம். சாயங்காலம் ஒரு பழம் எடுத்தாள். ஒன்று.

அவன் ஒரு தடவை வந்தால் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பான். மேடம் கேட்டார், "எப்படிச் சமாளிப்போம் தாரின்?" என்று. "எனக்கென்ன தெரியும், நான் இருவாச்சியா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அப்பாவிடம் சொல். அவர் பழைய வேட்டைக்காரர், பெண் எத்தனை நாள் தாங்குவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தாரின்


நதிக்கரை முகாம்
ஏப்ரல் 14

யாலும்,

உன் கடிதம் வந்தது.

துணியைத் துவைக்காதே. எதைப் போட்டாலும் போகாது என்று நான் சொல்லத் தேவையில்லை. தாத்தாவின் அலகைப் பத்து வருடம் துணியில் சுற்றி வைத்தாலும் சுண்ணாம்புத் தூள்தான் ஒட்டும். கறை விடுகிற மஞ்சள் புதிதாகச் செத்த பறவையின் மஞ்சள்.

அப்பாவா? தாபினா?

ஒரு பெயர். வேறு எதுவும் எழுதாதே. பன்றி கொழுத்ததை எழுதாதே.

தாரின்


சேகோங்
ஏப்ரல் 20

தம்பி தாரினுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் வாசிக்கவில்லை. அப்பா கேட்டார், "கல்யாணத்துக்கு வரானாம்" என்று மட்டும் சொன்னேன். பெயர் எதுவும் என்னால் எழுத முடியாது. பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

தாபின் நேற்று வந்தார். முற்றத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

"உன் தம்பி என்ன எழுதியிருக்கான்?"

"கேமரா ரிப்பேராம்."

"யாலும், எங்க சித்தப்பாக்கள் என்ன கேட்டாங்க தெரியுமா? பொண்ணு வீடு ஃபைபர் வீடா, பொண்ணு என்னன்னு கேட்டாங்க. எல்லார் முன்னாடியும். நான் என்ன செய்வேன் சொல்லு?"

"சிரிச்சிருக்கலாம்."

"உனக்குச் சிரிப்பு வரும். உங்க அப்பாவும்தான் வேண்டாம்னு சொல்லல. கையில வாங்கி எடை பார்த்தாரு."

அப்பாவிடம் கேட்டேன். "நான் துப்பாக்கியைத்தான் கீழே வெச்சேன். தலையை வெக்கலியே" என்றார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் இல்லை.

இது கூட்டத்துக்குப் போனால் அப்பா அங்கே கொடுத்த வாக்கு போகும். கல்யாணம் போகும். உன் வேலை போகும். எல்லாம் உனக்கே தெரியும்.

அவள் சாப்பிட்டாளா?

அக்கா
யாலும்


நதிக்கரை முகாம்
ஏப்ரல் 23

யாலும் அக்கா,

சாப்பிடுகிறாள். மேடத்தின் நாள்கூலி ஆட்கள், சமையல்காரர், நான் எல்லோரும் காடு முழுவதும் அத்திப்பழம் பொறுக்குகிறோம், ஓணான் பிடிக்கிறோம். நேற்று பொந்துக்குள்ளிருந்து புதுக் குரல் ஒன்று கேட்டது. குஞ்சு. அப்பன் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது.

நீ கேட்டது சோப்பைப் பற்றி இல்லை. மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று நான் எழுதியதை நீதான் சத்தமாக வாசித்தாய். வாயால் சொல்ல முடியாததைத் துணியை விட்டுச் சொல்ல வைத்தாய். அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். பறவை உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். மீன் பிடிக்கப் போகிறவன் தூண்டிலுக்குப் பதிலாக என்ன எடுத்துப் போகிறான் என்று பார்க்க உனக்குக் கண் இல்லையா?

எந்தக் கிளை, எந்த நேரம் என்று எழுதி அனுப்பியவன் நான். அதுவும் எனக்குத் தெரியும். மேடம் "யாரா இருக்கும்?" என்று கேட்டார், "தெரியாது" என்றேன். என்னைப் பொய் சொல்லவும் வைத்துவிட்டீர்கள். எல்லாக் கோபமும் இருக்கிறது, ஒன்றைப் பிடித்து ஒன்றை விட மனமில்லை.

கூட்டத்தில் என்ன செய்வார்கள்? ஒரு மிதுன் அபராதம். சித்தப்பாக்கள் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் பல் குத்திக்கொண்டு போவார்கள். மிதுன் மரம் ஏறாது. மிதுன் பழம் பொறுக்காது.

இதை அவனிடம் சொல். இங்கே வரட்டும். குஞ்சு வெளியே பறக்கும்வரை தினமும் பழம் தேடி, மரம் ஏறி, அவளுக்கு ஊட்டட்டும். அலகை எடுத்தவன் அலகு செய்த வேலையையும் எடுத்துக்கொள்ளட்டும். வரவில்லையென்றால் நான் கூட்டத்தில் பேசுவேன். அப்பா பெயரையும் சேர்த்து.

கல்யாணத்துக்கு வர மாட்டேன்.

தாரின்


சேகோங்
மே 3

தம்பி தாரினுக்கு,

நான் நலம். காய்ச்சல் வந்து போயிற்று.

உன் மிரட்டலை நான் யாரிடமும் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே மிதுன்களோடு வந்தார்கள். அப்பா அந்தத் தொப்பியோடு வாசலில் நின்றார். வெயிலில் என்ன மஞ்சள் தம்பி! நம் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். ஊர்த் தலைவரான சிவப்புக் கோட்டு முதியவரும் வந்தார், எல்லோரையும் துப்பாக்கியைக் கீழே வைக்க வைத்தவர். அலகைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். விரலை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு, கம்பீரமா இருக்கு" என்றார். அடுத்தவரும் தொட்டார், துடைத்தார், நல்லா இருக்கு என்றார். எல்லோரும் வேட்டைக்காரர்கள். எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாக்கள் சிரிக்கவில்லை, அதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை பயம்தான் இருந்தது.

தாபினை வீட்டுப் பின்னால் கூப்பிட்டேன்.

"இதை யாருக்காகக் கொண்டுவந்தீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருப்பீங்க. நான் அலகு மாட்டுறவளா? உங்க சித்தப்பாக்களுக்காகக் கொண்டுவந்தீங்க."

"இப்ப என்ன செய்யச் சொல்ற? செத்ததை உயிரோட கொண்டுவரவா?"

"பொந்துக்குள்ள ஒருத்தி உட்கார்ந்திருக்கா. உள்ளே குஞ்சு. நீங்க போய் அது பறக்கிறவரைக்கும் தீனி கொடுங்க. அதுவரைக்கும் நான் உங்க வீட்டுக்கு வரல."

மாப்பிள்ளை வீட்டார் மிதுன்களை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். "பொண்ணுக்குக் காய்ச்சல்" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. அப்பா என்னோடு பேசுவதில்லை. தொப்பியைப் பரணில் போட்டுவிட்டார்.

தாபின் இந்த வாரச் சூமோவில் வருகிறார். நீ சொல்லி வரவில்லை, நான் சொல்லி வருகிறார். அடிக்காதே. அடித்தே ஆக வேண்டுமென்றால் கையில் அடிக்காதே, மரம் ஏற வேண்டும்.

அக்கா
யாலும்


நதிக்கரை முகாம்
மே 19

அக்காவுக்கு,

உன் காய்ச்சல் முழுவதும் போய்விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

வந்துவிட்டான். அடிக்கவில்லை. கை கொடுத்தான், நான் கொடுக்கவில்லை. மேடத்திடம் "பழம் பொறுக்க ஆள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றாக மரம் ஏறுகிறான், அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நாங்கள் பாதி மரத்தில் நின்று மூங்கிலை ஆட்டிக்கொண்டிருந்தோம், அவன் மரத்தில் மூங்கில் முளைகளை அடித்து, அதில் கால் வைத்துப் பொந்து வரை போய்விட்டான். கீறல் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பழமாக நீட்டுகிறான். முதல் நாள் அவள் அவன் கட்டைவிரலைக் கிழித்துவிட்டாள். நான் மருந்து கொடுத்தேன், போட்டுவிடவில்லை.

"மச்சான், இந்தப் பழம் பழுத்ததா காயான்னு எப்படித் தெரியும்?"

"சுடறதுக்கு முன்னாடி அவன்கிட்டக் கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு என்னை மச்சான் என்று கூப்பிடுவதில்லை. வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். இருட்டு விலகும் முன் போனால் இருட்டும்போது வருகிறான். கூடை பாதிதான் நிறைகிறது. மேடத்தின் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இத்தனை பேர் சேர்ந்தும் அந்த ஒருத்தன் கொண்டுவந்ததில் பாதிகூட இல்லை. கணக்கை அவன் முன்னால் படித்துக் காட்டினேன். மறுநாள் இன்னும் சீக்கிரம் போனான்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

தாரின்


நதிக்கரை முகாம்
ஜூன் 14

அக்காவுக்கு,

நான் நலம். செய்தி நல்லதில்லை.

குஞ்சு செத்துவிட்டது. மழை விடாமல் பெய்தது, ஆறு ஏறிவிட்டது, மேற்குப் பக்கத்து அத்திக்குப் போக முடியவில்லை. தாபின் கயிறு கட்டி நீந்திப் போனான், பழத்தோடு வந்தான், போதவில்லை. உள்ளேயிருந்து வந்த குரல் சின்னதாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது. பிறகு ஒருநாள் காலையில் அவள் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சிறகு முளைத்திருந்தது. அழுக்காக, மெலிந்து, அலகெல்லாம் வெளுத்துப்போய், கிளையில் உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. ஆற்றைத் தாண்டிப் போனாள். திரும்பி வரவில்லை.

தாபின் மேலே ஏறிக் கையை உள்ளே விட்டுக் குஞ்சை எடுத்தான். இறங்கவே இல்லை. நான் கீழிருந்து கத்தினேன், "இறங்குடா, விழுந்து தொலையாதே, அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது." மழையில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் நானே ஏறிப் போய் இறக்கினேன். ஆற்றங்கரையில் புதைத்தோம். சமையல்காரர் டீ கொடுத்தார், குடிக்கவில்லை.

மேடம் அறிக்கையில் "ஆண் காணாமல் போனது" என்று எழுதப் போனார். நான்தான் சொன்னேன், எங்கள் ஊர்க்காரன் சுட்டான் என்று. என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

கூட்டத்தில் தானே பேசுவேன் என்கிறான். நான் வற்புறுத்தவில்லை. எனக்கு இங்கே கேமராக்களைக் கழற்றும் வேலை இருக்கிறது, வர முடியாது. வந்தாலும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பிடித்து உலுக்கிவிடுவேன், வராமல் இருப்பதே நல்லது. என்ன நடந்தது என்று எதையும் விடாமல் எழுது.

அவனைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அது உன் பாடு.

தாரின்


சேகோங்
ஜூலை 6

அன்புள்ள தம்பி தாரினுக்கு,

நான் நலம். அப்பா நலம், என்னோடு பேசத் தொடங்கிவிட்டார், திட்டத்தான். கேமராவைக் கழற்றினாயா, இல்லை அதையும் திட்டிக்கொண்டிருக்கிறாயா?

கூட்டம் முடிந்தது. எதையும் விடாமல் எழுதச் சொன்னாய். விடுவதற்கு அதிகம் இல்லை. தாபின் எழுந்து, "நான்தான் சுட்டேன். பொந்துல குஞ்சும் செத்துப்போச்சு" என்றார். அப்பா எழுந்து, "நான்தான் வாங்கி மாட்டிக்கிட்டேன்" என்றார். தொப்பியைக் கழற்றி நடுவில் வைத்தார். அலகு அதற்குள் பாதி வெளுத்திருந்தது.

யாரும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளக்கூட இல்லை. சிவப்புக் கோட்டு முதியவர் கொட்டாவி விட்டார். "ஒத்துக்கிட்டாங்க, அது போதும். ஒரு மிதுன்" என்றார். அடுத்து யாரோ வேலி நகர்த்திய வழக்கு. அதற்குத்தான் எல்லோரும் கத்தினார்கள்.

நான் எழுந்து, "அன்னைக்கு எல்லாரும் தொட்டுப் பார்த்து விரலைத் துடைச்சீங்களே, உங்களுக்கெல்லாம் அபராதம் இல்லையா?" என்று கேட்டேன். "டீச்சரம்மா, இது பள்ளிக்கூடம் இல்ல, உட்காரு" என்றார்கள். உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

சித்தப்பாக்கள் மிதுனை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கொழுத்தது. அன்றே வெட்டினார்கள், அன்றே சமைத்தார்கள். அபராதம் என்றால் நம் ஊரில் விருந்துதானே. அபோங் வந்தது. சித்தப்பா ஒருவர் பாட ஆரம்பித்தார். எனக்கு அந்த இடத்தைக் கொளுத்திவிடலாம் போல இருந்தது. இலையில் கறியை வைத்துக் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நின்றேன்.

தாபின் கூட்டத்தை விட்டுத் தள்ளி, மூங்கில் அடுக்கி வைத்திருந்த பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலும் இலை இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சித்தப்பா அந்தப் பக்கம் வந்தபோது மட்டும் கறியை எடுத்து வாய் வரை கொண்டுபோனார். அவர் போனதும் கீழே வைத்துவிட்டார். இதை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

என் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கறி ஆறிக் கொழுப்பு வெள்ளையாகப் படிந்தது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பாக்கள் வந்து, "புள்ளைங்களுக்குப் பசி இல்ல போல" என்று சொல்லி எங்கள் இரண்டு இலைகளையும் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டார்கள்.

உன் அக்கா
யாலும்